பெயர்களும் சிரிப்பும்

பருப்பொருளுக்கும் அலைப்பண்பு உண்டு என்று 1924-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் எழுதி, அதற்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றவர் பிரெஞ்சு அறிஞர் லூயி டி புரோய். ஆங்கில எழுத்துகளில் அப்பெயரைக் காணும் மாணவன் 'டி புரோக்லி' என்று படிக்கிறான். உடனே வகுப்பில் சிரிப்பு எழுகிறது. சிரிப்பவர்களைக் கேட்கிறேன்: அந்த எழுத்துகள் ஏன் 'புரோய்' என ஒலிக்கின்றன?

அவருடைய முன்னோர் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியிலிருந்து பிரான்சில் குடியேறியவர்கள். எழுத்தில் இத்தாலியச் சாயல் தங்கிவிட்டது. ஒலியோ பிரெஞ்சு ஒலியாகிவிட்டது. 1707-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்த கணித மேதையை 'யூலர்' என்று படிக்கத் தோன்றும். ஜெர்மன் மொழியில் அப்பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து 'ஆய்' என ஒலிப்பதால் அவர் 'ஆய்லர்' ஆகிறார். பாகுநிலைச் சோதனையில் நாம் சந்திக்கும் பிரெஞ்சு மருத்துவரின் பெயர் ஏறத்தாழ 'புவாசேய்'. ஒவ்வொரு பெயரும் அதனதன் மொழியின் விதிப்படி நடக்கிறது.

ஆகவே, தவறாகப் படிக்கும் மாணவன் அறிவிலி அல்லன். தனக்குக் கற்பிக்கப்பட்ட ஆங்கில விதியை அவன் நேர்மையாகப் பின்பற்றுகிறான். இத்தாலிய உடை வடிவமைப்பாளர் வெர்சாச்சேயின் பெயரை 'வெர்சேஸ்' என்று சொல்லும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் உண்டு. அவர்களை யாரும் பட்டிக்காட்டான் என்று சொல்வதில்லை. நம்மவன் தவறும்போது மட்டும் அவன் ஊரும், படித்த பள்ளியும், பயிற்று மொழியும் நகைப்புக்கு இடமாகின்றன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். எங்கள் வீடுகளில் இப்பெயர்களை உச்சரிப்பவர் எவருமில்லை. "கைப்பேசியில் தேடிக் கேட்கலாமே" என்பர். பெயர் எழுதியபடி ஒலிக்காது என்ற ஐயமே எழாதவன் எதைத் தேடுவான்? சிரிப்புக்கு அஞ்சுபவன் முதலில் பெயரைச் சொல்வதை நிறுத்துகிறான். பிறகு ஐயம் கேட்பதையே நிறுத்திவிடுகிறான். இழப்பு அங்கேதான் இருக்கிறது.

"சமன்பாடு தெரிந்தால் போதும், பெயர் எப்படி ஒலித்தால் என்ன?" என்று சில நண்பர்கள் கூறுவர். அதையும் நான் ஏற்கவில்லை. நம் பெயரிலுள்ள ழகரத்தை அயலார் சிதைத்தால் நமக்கு மனம் வருந்துகிறதல்லவா? நாம் எதிர்பார்க்கும் மரியாதையைப் பிறருக்கும் தருவதே முறை. சரியான ஒலியைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கற்பிக்க வேண்டும். கற்பிக்காமலே தேர்வு வைக்கக் கூடாது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். புதிய பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது ஒருமுறை உரக்கச் சொல்லி, எங்களையும் சொல்லச் செய்யுங்கள். பக்கத்திலேயே தமிழிலும் எழுதுங்கள். சில ஒலிகளுக்கு நம்மிடம் தனி எழுத்து இல்லையெனினும், 'ஆய்லர்' என்று தமிழில் எழுதியதை எவரும் 'யூலர்' என்று படிக்க முடியாது.

நண்பர்களே, சரியான ஒலி உங்களுக்குத் தெரிந்திருந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு ஒரு நொடி போதும்.