கமராவுக்கு அகப்படாத கோமாளி

சர்க்கஸ் கூடாரத்திலே கோமாளி தடுக்கி விழுகின்றான். விழுந்தவன் உடனே எழுவதில்லை. சபையோர் சிரித்து ஓயும்வரை கிடந்து, சிரிப்பு அடங்கும் தறுவாயில் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்க்கின்றான். மறுபடியும் கூடாரம் அதிர்கின்றது. எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும் என்பதை அவனுக்கு உணர்த்துவது அந்தச் சிரிப்பே. கமராவின் முன்னே விழுபவனுக்கு அதை உணர்த்துவார் யார்?

இத்தாலிய இயக்குநர் பெடரிக்கோ பெலினி, 1970ஆம் ஆண்டில் தம் நாட்டுத் தொலைக்காட்சிக்காகக் ‘கோமாளிகள்’ என்ற படத்தை எடுத்தபோது இச்சங்கடத்தை மறைக்கவில்லை. அதையே படத்தின் பொருளாக்கிக்கொண்டார். தொடக்கத்தில் ஒரு சிறுவன் கோமாளிகளைக் கண்டு அஞ்சி அழுகின்றான். (சிரிப்பூட்ட வந்தவரைக் கண்டு குழந்தைகள் வீரிடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதானே!) ஐரோப்பியக் கோமாளிகள் பெரும்பாலும் இணையாகவே வருவர். ஒருவன் வெள்ளைக் கோமாளி: வெண்மை பூசிய முகம், மினுங்கும் உடை, அதிகாரத் தோரணை. மற்றவன் ‘ஒகுஸ்த்’ எனப்படுவான்: சிவந்த மூக்கு, தொளதொளத்த காற்சட்டை, தொட்டதெல்லாம் கோணல். முன்னவன் கட்டளையிட, பின்னவன் குழப்புவான்.

இக்கலையில் புகழ்பெற்றோரைத் தேடிப் பெலினி பாரிஸ் நகருக்குச் செல்கின்றார். ரும் என்னும் பெயர்பெற்ற கோமாளியின் படம் அங்குள்ள தொலைக்காட்சி நிலையத்தில் இருக்கின்றதாம். ஆவலோடு போய்ப் பார்த்தால், அது தொடங்குமுன்னே முடிந்துவிடுகின்றது. பின்னர் நடிகர் பியர் எத்தேயின் இல்லம். அவர் மனைவி ஆனி, பிராத்தெல்லினி சகோதரர் மூவருள் ஒருவரான போலின் பேர்த்தி. அச்சகோதரர்களின் பழைய படச்சுருளை யந்திரத்தில் ஏற்றுகின்றனர். சுருள் சிக்குண்டு கருகிப்போகின்றது. மாபெரும் கலைஞர்கள் விட்டுச்சென்றவற்றுள் கைக்கெட்டுவது இவ்வளவுதான்!

பெலினியின் படத்திலும் குறை உண்டு. இறுதியில் வரும் கோமாளியின் சவ ஊர்வலத்தில் ஆரவாரம் மிகுதி. ஒரு கோமாளியையேனும் நின்று பார்க்க விடாது காட்சிகள் விரைகின்றன. அது ஓய்ந்தபின் ஒரு கோமாளி, இறந்துபோன தன் கூட்டாளியை எக்காளம் ஊதி அழைக்கின்றான். எதிர்ப்புறத்திலிருந்து மறுமொழியாக இன்னோர் எக்காளம் எழுகின்றது. இருவரும் ஊதியவாறே நெருங்கி, ஒருங்கே மறைகின்றனர். அங்கேதான் கமரா பொறுமை கொள்கின்றது.

பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் தாத்தி வேறு வழி கண்டார். 1974இல் வெளிவந்த ‘பரேட்’ அவருடைய கடைசி முழுநீளப் படம்; சுவீடன் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த அவர், 1930களில் மேடையில் தமக்குப் பெயர் வாங்கித் தந்த ஊமை நடிப்புக்களைத் தாமே மீண்டும் செய்கின்றார். கையில் தூண்டில் இல்லை, மட்டை இல்லை. மீன்பிடிப்பவரும் ரெனிஸ் ஆடுபவரும் நம் கண்முன் நிற்கின்றனர். உடல் முழுவதும் தெரியும் தூரத்தில் கமரா நிற்கின்றது. முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டியிருந்தால் அக்கால்களின் நகைச்சுவை எங்கே போயிருக்கும்?

அதனினும் மேலாக, தாத்தி சபையோரையும் படத்தில் சேர்த்துக்கொண்டார். வீட்டிலிருந்து பார்ப்பவர்க்கு அவர்களுடைய சிரிப்பே துணை. நிகழ்ச்சி முடிந்து யாவரும் போனபின், பார்க்க வந்த சிறுவர் இருவர் அங்கே கிடந்த பொருள்களை எடுத்து விளையாடுகின்றனர். கமரா அவசரமின்றி அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கின்றது.