ஊருக்குப் போகும் பணம்

சம்பளம் கிடைத்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நீண்டிருக்கும். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, தமிழ்நாடு எனப் பல இடங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பை வீட்டுக்கு அனுப்புகின்றனர். அப்பணம் அரிசியாகவும் மருந்தாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகிறது. ஆயினும், ஊரில் வருமானம் தரும் தொழில் ஏதும் உருவாகாவிட்டால், நாளை அவருடைய பிள்ளையும் கடல் கடக்க நேரிடும்.

வரும் பணத்தை இக்குடும்பங்கள் வீணாகச் செலவழிப்பதாகச் சிலர் குறை கூறுவர். இதனை என்னால் ஏற்க இயலவில்லை. பிள்ளையின் கல்வியும் ஒழுகாத கூரையும் வீண் செலவாகுமா? மாதந்தோறும் மிஞ்சும் சிறு தொகையைக் கொண்டு ஒருவர் தனியாக என்ன தொழில் தொடங்க முடியும்? அச்சிறு தொகைகளை ஒன்றுதிரட்டி முதலீடாக்கும் நம்பகமான அமைப்பே அவர்களுக்குத் தேவை என்பது என் கருத்து.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை துன் வீ.தி. சம்பந்தனின் பெயரைத் தாங்கியுள்ளது. 1950ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் இரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்றனர். அதனால் நம் முன்னோர் பலர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒருசேர இழந்தனர். அவர்களும் ஒரு காலத்தில் மிச்சம் பிடித்த பணத்தைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியவர்களே. இந்நிலையில், அமைச்சராக இருந்த சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவர் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் செலுத்துமாறு தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால்மரம் சீவியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்களாயினர்.

அயல்நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. அமெரிக்காவில் வேலை செய்யும் மெக்சிகோ நாட்டவர் சங்கம் அமைத்துச் சொந்த ஊரின் பணிகளுக்கு ஒரு டாலர் கொடுத்தால், மத்திய அரசும் மாநில அரசும் நகராட்சியும் தலா ஒரு டாலர் சேர்த்தன. 2002இல் நாடு முழுவதற்கும் விரிந்த இத்திட்டத்தால் பல ஊர்களுக்குச் சாலையும் குடிநீரும் கிடைத்தன.

எனினும், இத்தகைய திட்டங்களில் கட்டாயம் கூடாது. பணம் உழைத்தவருக்கே உரியது. கணக்கு வழக்கு அனைவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சுவார். பணம் அனுப்பும் செலவும் குறைய வேண்டும். 2030க்குள் அதனை 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் மன்றத்தின் இலக்காகும்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பர். அவ்வெள்ளம் வயலுக்குப் பாய வேண்டுமானால் வாய்க்கால் வேண்டும். துளிகளைத் தொழிலாளர்கள் தந்துகொண்டே இருக்கின்றனர். வாய்க்கால் வெட்டுவது அரசுகளின், வங்கிகளின், கூட்டுறவுச் சங்கங்களின் கடமையாகும்.