கேமரா பார்த்ததை யாரெல்லாம் பார்க்கலாம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை தம் மகனை அழைத்துக்கொண்டு என் புறநோயாளர் அறைக்கு வந்தார். மகனுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பீர்க்கன்கரணையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் பேருந்துக்காக நின்றிருந்தவர் திடீரெனக் கீழே விழுந்திருக்கிறார். எவ்வாறு விழுந்தார், எவ்வளவு நேரம் கிடந்தார் என்பது அவருக்கு நினைவில்லை. உடன் வீட்டார் யாரும் இல்லை. (அவர்களுடைய ஒப்புதலைப் பெற்றும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.)

நரம்பியல் மருத்துவருக்கு இது அன்றாடக் கேள்வி. மயக்கமா, வலிப்பா? மூளை ஸ்கேனில் குறை ஒன்றும் இல்லை. இ.இ.ஜி. பரிசோதனையும் இயல்பாகவே இருந்தது. வலிப்பு நோய் உள்ள பலருக்கும் இரண்டு வலிப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களில் எடுக்கும் இ.இ.ஜி. இயல்பாகவே இருக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவு கட்ட இயலாது. நேரில் கண்டவர் கூற்றே எங்களுக்குப் பெரும் சான்று. அந்தச் சான்றுதான் இல்லை என்று நான் கூறிக்கொண்டிருந்தபோது, தந்தை தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். எதிரிலிருந்த கடையின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி அது. ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடியது.

முதலில் அந்த இளைஞரின் தலை வலப்பக்கம் திரும்புகிறது. வலக்கை மெல்ல உயர்ந்து விறைக்கிறது. பிறகு உடல் முழுவதும் விறைத்து விழுகிறார்; கைகால்கள் சீராக வெட்டி இழுக்கின்றன. அது நின்றபின் எழுந்து உட்காருகிறார். ஆனால் எங்கிருக்கிறோம் என்று தெரியாதவர்போல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறார். சாதாரண மயக்கத்தில் மனிதர் வெளிறித் துவண்டு விழுவார். உதறல் இருந்தாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். தெளிவும் விரைவில் திரும்பும். இது வலிப்பு என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கிப் பரவுவது என்பதும் தெரிந்தது. எந்த மருந்தைத் தேர்வது என்பதைக்கூட அந்தப் பதிவே எனக்குச் சொல்லித் தந்தது.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டேன். அவர் பகுதியின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்ததாம். பட்டப்பகலில் குடித்துவிட்டுச் சாலையில் கிடக்கிறார்கள், கேட்பார் இல்லையா என்ற பொருளில் ஒரு வரியும் அதன் கீழே இருந்தது. அக்குழுவிலிருந்து வேறு குழுக்களுக்குச் சென்று, மகன் வேலை செய்யும் அலுவலகத்தையும் எட்டியிருக்கிறது. நடந்துகொண்டிருந்த திருமணப் பேச்சு நின்றுவிட்டது. "வியாதியைக்கூடப் பார்த்துக்கலாம் டாக்டர், இதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை" என்றார் தந்தை. மகன் ஒன்றும் பேசவில்லை.

கேமரா நல்லதா கெட்டதா என்று யாரேனும் என்னிடம் கேட்டால் இந்த இரண்டு நிமிடப் பதிவுதான் நினைவுக்கு வருகிறது. ஒரே காட்சி ஒரு நோயைக் கண்டறியச் செய்தது. ஒரு மனிதரைத் தலைகுனியவும் வைத்தது. கேமராவில் மாற்றம் ஏதுமில்லை. பார்த்தவர் யார், எதற்காகப் பார்த்தார் என்பதில்தான் வேறுபாடு.

பொது இடங்களில் கேமரா வேண்டாம் என்று கூறுபவன் அல்லன் நான். 2016 ஜூன் 24 அன்று காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்நிலையத்தில் கேமரா இல்லை. அருகிலிருந்த தெருக்களின் தனியார் கேமராக்களில் பதிவான காட்சிகளைத் தேடியே காவல்துறை புலனாய்வைத் தொடங்க வேண்டியிருந்தது. இரவு கடைசி மின்சார ரயிலில் பெருங்களத்தூரில் இறங்கி வீடு நோக்கி நடக்கும் செவிலியர்கள் எங்களுடன் பணியாற்றுகிறார்கள். அவர்களிடம் கேமராவுக்கு எதிராகப் பேச எனக்கு வாய் வராது.

அதற்குப் பின் சென்னை மாநகரக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற திட்டத்தைத் தீவிரமாக முன்னெடுத்தது. ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. வணிகர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் தங்கள் செலவில் பொருத்தியவை அவற்றில் ஏராளம். 2021 நவம்பரில் பீர்க்கன்கரணை பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகமும் செயல்படத் தொடங்கியது. இன்று நம் தெருக்களிலும் கடைக்குக் கடை, கம்பத்துக்குக் கம்பம் கேமரா இருக்கிறது. தெருவைப் பார்க்கும் கண் பொதுவானது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பதிவு இருக்கும் பெட்டியோ யாரோ ஒருவருடைய கல்லாப்பெட்டிக்குக் கீழே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கவும், கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பவும் அவரைத் தடுப்பது அவருடைய மனச்சாட்சி மட்டுமே.

எங்கள் துறையில் ஒரு மருந்தைப் பரிந்துரைக்கும் முன், அது எந்த நோய்க்கு எவ்வளவு பயன் தரும், பக்கவிளைவு என்ன என்று கேட்போம். கேமராவையும் அவ்வாறு ஆராய்ந்தவர்கள் உண்டு. உலகின் பல நகரங்களில் 40 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஓர் அறிக்கை, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகக் கூறுகிறது. வாகன நிறுத்தங்களில் பயன் மிகுதி. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. பயன் உண்டு, ஆனால் அளவானது. குற்றம் நடந்தபின் ஆளைக் கண்டுபிடிக்க உதவுவது வேறு, குற்றம் நடவாமல் தடுப்பது வேறு. நம் பேச்சில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழகக் காவல்துறையில் அது 2021-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்லும் கருவி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய ரயில் நிலையத்தை ஒரு நாளில் ஒரு லட்சம் பேர் கடக்கிறார்கள். அவர்களுள் தேடப்படுவோர் பத்துப் பேர். கருவி அந்தப் பத்துப் பேரையும் காட்டிவிடலாம். கூடவே, மீதமுள்ளோரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் சுமார் ஆயிரம் நிரபராதிகளையும் காட்டும். மணி அடிக்கும் ஒவ்வொரு நூறு முறையிலும் ஒரு முறைதான் உண்மை. அரிய நோயைத் தேடி ஊர் முழுவதற்கும் ஒரே பரிசோதனையைச் செய்தால் என்ன ஆகும் என்பது மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படிக்கும் பாடம், இதுவும் அதுவே. ஆகவே, ஏற்கெனவே ஐயத்துக்குரிய ஒருவரைச் சரிபார்க்க அது உதவட்டும். கூட்டத்தில் வலை வீச வேண்டாம் என்பதே என் கருத்து.

'தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்?' என்று கேட்போர் உண்டு. அந்த இளைஞர் என்ன தவறு செய்தார்? நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் இந்த வாதத்தை மற்றவர்களைவிட எளிதாக மறுக்க முடியும். மனநல மருத்துவரின் படியேறுவதும், கருத்தரிப்பு மையத்திலிருந்து வெளிவருவதும், காசநோய் மருந்து வாங்க நிற்பதும் குற்றமல்ல. ஆயினும் அவற்றை ஊர் அறிய வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

மருத்துவமனைகளும் இதில் குற்றமற்றவை அல்ல. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் அறையில் பெண்களைப் பரிசோதித்த காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. பாதுகாப்புக்கென வைத்த கேமராக்களின் பதிவுகளே அவை. வெளியார் ஊடுருவி எடுத்திருந்தார்கள். இதில் என்னைச் சினங்கொள்ளச் செய்வது ஊடுருவல் மட்டுமன்று. பரிசோதனை நடக்கும் இடத்தை நோக்கிக் கேமரா எதற்கு என்று அங்கு ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான். வரவேற்பறை, தாழ்வாரம், மருந்தகம், வாகன நிறுத்தம் ஆகியவற்றில் கேமரா இருக்கட்டும். உடை களையும் இடத்திலும், மருத்துவரிடம் மனம் திறந்து பேசும் அறையிலும் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கையை நோக்கிக் கேமரா இருந்தால், அது எதற்கு, யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். எந்த மருத்துவமனையாயினும், எங்களுடையதே ஆயினும், கேட்பது உங்கள் உரிமை.

கேமரா இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தபோது, அந்நிலையத்தின் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் தெரிவித்தார். நம்மைப் பார்க்க வேண்டிய கேமரா நன்றாகப் பார்த்தது என்றும், அதிகாரத்தைப் பார்க்க வேண்டிய கேமரா மறந்துவிட்டது என்றும் எண்ணத் தோன்றினால் அதில் வியப்பில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை நீண்டகாலம் பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஆக, எவ்வளவு நாள் வைத்திருப்பது, யார் அழிக்கலாம் என்பவை சில்லறைக் கேள்விகள் அல்ல.

மருத்துவர்களுக்கு 2002-ஆம் ஆண்டின் நெறிமுறை ஒன்று உண்டு. நோயாளியிடமிருந்து அறிந்ததை, நீதிமன்ற ஆணை, பிறருக்குக் கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்று ஆகிய காரணங்கள் தவிர வெளியிடலாகாது. தெருக் கேமராவின் பதிவையும் ஏறக்குறைய இதே அளவுகோலால் அளக்கலாம் என்பது என் எண்ணம். குற்றம் நடந்திருந்தால் காவல்துறையிடம் கொடுங்கள். ஒருவர் விழுந்து கிடந்தால் அவருடைய குடும்பத்திடம் கொடுங்கள். குழுவில் போடுவதற்கு இரண்டிலும் இடமில்லை. நம் பகுதியின் நலச் சங்கங்கள் பதிவுப் பெட்டியின் பொறுப்பை இருவரிடம் மட்டும் ஒப்படைத்து, யார் எப்போது எதற்குப் பார்த்தார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

வலிப்பு நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சில செய்திகள். வெளியில் வலிப்பு வந்திருந்தால் அருகிலுள்ள கடைகளில் அன்றோ மறுநாளோ பதிவைக் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறி, சில வாரங்களில் அது அழிந்துவிடும். வீட்டில் வந்தால் முதலில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் கரண்டி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள். இன்னொருவர் உடனிருந்தால் அவர் கைப்பேசியில் முகமும் கைகால்களும் தெரியும்படி பதிவு செய்யட்டும். அதை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். உறவினர் குழுவில் ஆலோசனை கேட்டு அனுப்ப வேண்டாம்.

அந்த இளைஞருக்கு மருந்து தொடங்கியபின் இதுவரை வலிப்பு வரவில்லை. குழுவின் நிர்வாகியைத் தந்தை நேரில் சென்று பார்த்தார்; அவரும் வருந்திப் பதிவை நீக்கிவிட்டார். வேறு எத்தனை கைப்பேசிகளில் அது இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது.