சுழலும் தளம்

டில்லியில் அந்தரிக்ஷ் பவனின் 24 ஆவது மாடியில் அமைந்த சுழலும் உணவகத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நம் சங்கத்து அன்பர் ஒருவர், "மாடி முழுவதும் சுற்றினால் லிப்டும் தண்ணீர்க் குழாயும் முறுக்கிக்கொள்ளாவோ, ஸார்?" என்று வினவினார். நியாயமான ஐயமே.

மாடி முழுவதும் சுற்றுவதில்லை. இத்தகைய கட்டடங்களில் நடுவிலுள்ள லிப்டும் மாடிப்படியும் அசையாது நிற்கும். வெளிச்சுவரும் கண்ணாடி ஜன்னல்களும் பெரும்பாலும் அவ்வாறே. இடையில், மேசை நாற்காலிகளைத் தாங்கிய வளையல் போன்ற தளம் மட்டுமே சுழல்கிறது. கை கழுவச் சென்றவர் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பித் தம் மேசையைத் தேடி அலைவது இதனால்தான்!

வளையத்தின் அடியில் இரும்புச் சக்கரங்கள். அவற்றிற்கு வட்டமான தண்டவாளம். இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இது புதிதன்று. நீராவி எஞ்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிளில் பாரம் சமனாக நின்றுவிட்டால், சில ஆட்களே அதைத் தள்ளித் திருப்பிவிடுவர். பாரத்தை மேலே தூக்குவதில்லை. உராய்வை வென்று உருட்டுவதே வேலை. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரில் 1962 இல் திறக்கப்பட்ட ஸ்பேஸ் நீடில் கோபுரத்தின் உணவகத் தளத்தைச் சுழற்ற, ஒரு குதிரைச் சக்தி மோட்டாரே போதுமாயிருந்தது.

வேகமோ மிகச் சொற்பம். வளையத்தின் விட்டம் 90 அடி எனக் கொண்டால், சுற்றளவு ஏறக்குறைய 283 அடி. ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று என்றால், விளிம்பில் அமர்ந்திருப்பவர் வினாடிக்கு ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. தலை சுற்றாது, தம்ளரிலுள்ள காப்பியும் தளும்பாது.

ஆயினும் இந்த மெதுவான நடையே ஏமாற்றவும் வல்லது. ஜன்னல் விளிம்பில் பையை வைத்தவர், அது பின்னால் தங்கிவிடக் கண்டு சிரிப்பார். அது போகட்டும். சிறிய மோட்டார்தானே, கையால் தடுத்து நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. பற்சக்கரங்கள் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துத் தள்ளும் வலிமையைப் பன்மடங்கு பெருக்குகின்றன. அதனுடன் பல டன் எடையும் சேர்ந்து நகர்கிறது. 2017 இல் அட்லாண்டா நகரத்து ஓட்டல் ஒன்றின் உச்சியில், நகரும் மேசைக்கும் நிலையான சுவருக்கும் இடையே சிக்கி, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.

ஆகவே, குழந்தைகளுடன் செல்வோர், நகரும் தளம் நிலையான சுவரையோ தரையையோ ஒட்டிச் செல்லும் இடங்களில் அவர்களைத் தனியே விடலாகாது. எழுந்து நடக்கும்போது கையைப் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும். உட்கார்ந்தவுடன், தளத்தை நிறுத்தும் விசை யாரிடம் இருக்கிறதென்று பரிமாறுபவரைக் கேட்டு வைத்துக்கொள்வதும் நலம்.