எந்தத் தண்ணீர் என்று கேட்காத நாம்

கீரைக்கட்டு வாங்கும்போது வாடியிருக்கிறதா என்று பார்க்கிறோம், பூச்சி அரித்ததா என்று புரட்டுகிறோம், விலையைக் குறைத்துக் கேட்கிறோம். எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று மட்டும் கேட்பதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களான நமக்கு அது தெரியாததும் இல்லை.

முன்பெல்லாம் நம் ஊர்த் தோல் ஆலைகளில் தோல் ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறித்தான் பதமாகும். 1970-களில் பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் பரவியது. சில நாளிலேயே வேலை முடிந்தது. கூலி வந்தது, வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். தோலில் ஏறாத குரோமியமும் உப்பும் பாலாற்றில் கலந்ததைப் பார்த்துக்கொண்டேதான் போனோம். 1996-இல் தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும், இனி அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

கிணறு கரித்தது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கினோம்; கரித்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பினோம். நம் வாய்க்கு ஆகாத தண்ணீர் செடிக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டோம். அந்தச் செடியும் நம் வாய்க்குத்தான் வருகிறது என்பதை வசதியாக மறந்தோம்.

குரோமியத்தைச் செடி பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்ளும். இலைக்குக் கொஞ்சமே ஏறும். ஆனால் முள்ளங்கியிலும் பீட்ரூட்டிலும் நாம் தின்பதே வேர்ப்பகுதியைத்தான். கீரையில் ஒட்டிய மண் அலசினால் போகும்; உள்ளே சேர்ந்த உலோகம் அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. குரோமியத்தில் ஆறு இணைதிறன் கொண்ட வகைதான் கொடியது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவில் இருப்பது அதுதான். அது அளவுமீறி உடம்பில் சேர்ந்தால் ஈரலும் சிறுநீரகமும் கெடும். புற்றுநோய் அபாயமும் உண்டு. தின்ற அன்றைக்கே வயிற்றைப் பிசைந்திருந்தால் விழித்திருப்போம். மெல்லச் சேர்வதால் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டோம்.

இப்போதும் செய்ய வழி இருக்கிறது. பாசன நீரின் உவர்ப்பை வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் அறியலாம். உலோகங்களுக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். ஊரே சேர்ந்தால் அந்தச் செலவு பெரிதில்லை. கெட்ட கிணற்றடியில் கீரையையும் கிழங்கையும் விட்டு மரப்பயிர் வைக்கலாம். அந்த நஷ்டம் விவசாயி தலையில் மட்டும் விழக்கூடாது. நல்ல தண்ணீரில் விளைந்த கீரைக்குக் கேட்ட விலையைக் கொடுப்போம். பேரம் பேசுகிற நேரத்தில் தண்ணீரைப் பற்றி விசாரிப்போம்.