மாரிக்கு முன் குளிசை கைக்கு வரவேண்டும்: வன்னி நோயாளர் குடும்பங்களின் நிலைப்பாடு

முல்லைத்தீவுக் கரையில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுக்கிற ஒரு தாயின் விரல்கள் முதலில் வெளுக்கின்றன, பிறகு நீலம் பாய்கின்றன, சூடு ஏறியதும் சிவந்து எரிகின்றன. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் பட்டாலே போதும். வன்னியில் எங்கே அப்படிக் குளிர் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம்: சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்கு மாறினாலே இரத்தக்குழாய் இறுகிவிடும். தோல் தடித்து, விரல் நுனியில் ஆறாத புண் வந்த பிறகுதான் ஸ்கிளீரோடேர்மா என்ற பெயரே பலர் காதில் விழுகிறது.

இரத்தக்குழாயை விரிக்கும் மருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளிலேயே மாதம் தவறாமல் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. முதலில் கொடுக்கும் நிபெடிப்பின் விலை குறைந்தது. விரல் வெளுப்பதைக் குறைக்கும். மெதுவாகக் கரையும் அந்தக் குளிசையை உடைத்தோ பொடியாக்கியோ கொடுக்கக் கூடாது. அது போதாதபோது சில்டெனாபில். புண் திரும்பத் திரும்ப வருவோருக்குப் பொசென்ரான். புதுப் புண்ணைத்தான் அது குறைக்கும், இருக்கிற புண்ணை ஆற்றாது. அதை எடுப்பவருக்கு மாதாமாதம் ஈரல் பரிசோதனை வேண்டும், கர்ப்பிணிக்கு அது ஆகவே ஆகாது. தலையிடிக்கு எழுதும் புரொப்பிரனலோல் விரல் வெளுப்பைக் கூட்டிவிடும் என்பதையும் கிளினிக் கொப்பியில் எழுதி வைக்கக் கேட்கிறோம்.

இரத்தக்குழாயை விரிக்கும் இந்த மருந்துகள் நோயை மாற்றும் என்றோ இறுகிய தோலை இளக்கும் என்றோ நாங்கள் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லி ஒரு குடும்பத்தையும் ஏமாற்றக் கூடாது. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தனியே கவனித்தாக வேண்டும். சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும்போது கப்டொப்பிரில் வகை மருந்துகள் உயிரையே காக்கின்றன. 1990 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அம்மருந்து எடுத்தவர்களில் 76 வீதமானோர் ஒரு வருடம் தாண்டி வாழ்ந்தார்கள்; எடுக்காதவர்களில் 15 வீதம்தான். ஆகவே அந்தப் பழுதின் அடையாளமாகப் பிரஷர் திடீரென ஏறினால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க விடக் கூடாது.

2022 மருந்துத் தட்டுப்பாட்டில், குளிசை நின்றால் விரல் என்னவாகும் என்பதை எங்கள் வீடுகளில் கண்டோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உட்கிராம வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும். வெள்ளம் வடிவதற்குள் குளிர் வந்துவிடும். அதனால் புரட்டாதி கிளினிக்கிலேயே மூன்று மாதக் குளிசையைச் சேர்த்துக் கொடுக்கும்படி மாகாண, மத்திய சுகாதார அதிகாரிகளைக் கேட்கிறோம்.