சாவி உள்ளே, சொந்தக்காரர் வெளியே

பூட்டிய வண்டிக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியாகத் தன் சாவியையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும். ஒருவர் ஸ்டீல் ஸ்கேல் கிடைக்குமா என்று கடை கடையாகக் கேட்பார். இன்னொருவர் கம்பி தேடுவார். மூன்றாமவர் ஒரு வேலையும் செய்யமாட்டார். "சாவிய எடுத்துட்டு எறங்க வேணாமா சார்?" என்று மட்டும் கேட்பார்.

இந்த மூன்றாமவர் மேல்தான் சண்டை. அவருடைய கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. மனிதன் மறதிக்காரன், கதவு உத்தமம் என்ற தீர்ப்பு. அது அப்பட்டமான தப்பு. சாவி உள்ளே இருக்கும்போதே பூட்டிக்கொள்ளும் கதவுதான் குற்றவாளி. மறப்பது மனித சுபாவம். அந்தச் சுபாவம் தெரிந்தும் இப்படி ஒரு கதவைச் செய்து விற்பது வியாபாரம்.

இதில் என்ன பெரிய நஷ்டம், அரை மணி நேரம் போகும், அவ்வளவுதானே என்பவர்கள் காஞ்சிபுரத்துக்கு ஒரு மே மாத மதியம் வந்து பார்க்கட்டும். வெளிநாட்டில் காருக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டை மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். இங்கே அந்த வேலையை வேனும் டூரிஸ்ட் பஸ்ஸும் செய்கின்றன. தூக்கம், துணிமணி, சாப்பாட்டுத் தூக்கு, பாட்டியின் சர்க்கரை மாத்திரை, குழந்தையின் பால் பாட்டில் எல்லாம் வண்டிக்குள். ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜப் பெருமாள் என்று வரிசையாகப் பார்க்க வந்தவர்கள் செருப்பையும் வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை போடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் சொன்ன பிறகு, போனையும் வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு.

இப்போது கணக்குப் போடுங்கள். கதவு பூட்டிக்கொண்டது. காலில் செருப்பில்லை, கையில் போன் இல்லை, பர்ஸ் இல்லை, மாத்திரை இல்லை. டூப்ளிகேட் சாவி வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் வீடு இருப்பது சேலத்தில். வீட்டுக்குச் சொல்லலாம் என்றால் ஒரு நம்பர்கூட மனப்பாடம் இல்லை. மதியம் நடை சாத்தினால் மாலை நாலு மணிவாக்கில்தான் திறப்பார்கள், அதனால் கோயில் நிழலும் இல்லை. கொதிக்கிற தார் ரோட்டில் ஒரு குடும்பமே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்குப் பெயர் "சின்ன அசௌகரியம்"!

மறதியே இல்லாதவருக்கும் இது நடக்கும். பல கார்களில் ரிமோட்டால் திறந்துவிட்டு எந்தக் கதவையும் இழுக்காமல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் வண்டி தானாகவே திரும்பப் பூட்டிக்கொள்ளும். டிக்கியில் பையை அடுக்கும்போது சாவியையும் பையோடு வைத்துவிட்டு மூடியை அடித்துச் சாத்தினால் முடிந்தது கதை. பழைய வண்டிகளில் உள்பக்கக் குமிழை அமுக்கிவிட்டு, வெளிக் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தபடி சாத்தினாலே போதும், பூட்டிவிடும். சாவி எங்கே இருக்கிறது என்ற கேள்வியே கிடையாது.

பழைய நாட்டுப் பூட்டுகளில் பலவற்றில் இந்த வம்பே இல்லை. சாவியைப் போட்டுத் திருகினால்தான் பூட்டு விழும். பூட்டுகிற நேரத்தில் சாவி கையில் இருந்தே தீரவேண்டும். இதுதான் அடிப்படை நியாயம். கதவு தானாகச் சாத்திக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் பூட்டுவது என்பது ஒரு மனிதன் தெரிந்து செய்யும் காரியமாக இருக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பெருமைப்பட்டார்கள். பெருமைப்பட்டால் மட்டும் போதுமா? பல லட்ச ரூபாய் வண்டிக்கு அந்த நாட்டுப் பூட்டின் புத்தியாவது வேண்டாமா?

"திருடனிடமிருந்து பாதுகாப்பு வேண்டாமா?" என்று உடனே ஒரு குரல் வரும். வேண்டும்தான். ஆனால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துத் தெருவில் போகிறவர் திறந்துவிடுகிற கதவு எந்தத் திருடனைத் தடுக்கப் போகிறது? அமெரிக்காவில் இதைவிடப் பெரிய கூத்து. அங்கே டிரெய்லர் வீடுகளின் சாமான் அறைகளுக்கு வேறு வேறு கம்பெனிகள் வருஷக்கணக்கில் ஒரே சாவியைப் போட்டன. சி.எச்.751 என்பது அதன் எண். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒருவர் சாவி இன்னொருவர் வண்டியைத் திறக்கும். அந்தப் பூட்டு வெளியே நிறுத்தி வைப்பது, சாவி கையில் இல்லாத சொந்தக்காரரை மட்டும்தான்.

இதற்குத் தொழில்நுட்பம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. சாவி உள்ளே இருப்பதை உணர்ந்து பூட்ட மறுக்கும் கார்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் அந்த அறிவு பெரும்பாலும் விலை கூடிய மாடலுக்குத்தான். கடன் வாங்கி அடிப்படை மாடலை எடுத்தவன் மட்டும் மறக்கவே கூடாது என்பது என்ன நீதி?

வெளியே நிற்பவருக்குக் கால் சுடும், அவமானமாக இருக்கும். உள்ளே ஒரு குழந்தை இருந்தால்? 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடியில், நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன நான்கு குழந்தைகள் கதவு பூட்டிக்கொண்டதால் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் மூடி வைத்த காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. ஸ்கேல் தேடி கடை கடையாக அலைகிற அந்த அரை மணி நேரம்தான் இது.

அந்தக் குழந்தைகளிடம் போய் "ஞாபகம் வேணாமா?" என்று கேட்க முடியுமா? 1998 கோடையில் அமெரிக்காவில் கார் டிக்கிக்குள் மாட்டிக்கொண்டு 11 குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோருக்கு அறிவுரை சொன்னதோடு அங்கே நிறுத்தவில்லை. டிக்கிக்கு உள்ளிருந்தே திறக்க, இருட்டிலும் தெரியும் ஒரு கைப்பிடியைக் கட்டாயமாக்கினார்கள். 2001 செப்டம்பரிலிருந்து அது அமலுக்கு வந்தது. மாற வேண்டியது கதவுதான் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இந்தியாவிலும் கதவு விஷயத்தில் சட்டம் தலையிட்டதில்லை என்று சொல்ல முடியாது. டாக்ஸிக்குள் பெண்கள் அடைபடக் கூடாது என்பதற்காக 2019 ஜூலையிலிருந்து டாக்ஸிகளில் சைல்டு லாக் கூடாது என்றார்கள். அதே மாதிரி, சாவி உள்ளே இருக்கும்போது பூட்டிக்கொள்ளும் வண்டியை எந்த விலையிலும் விற்கக் கூடாது என்று ஒரு விதி போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

வாடகை வேன், டூரிஸ்ட் பஸ் சமாசாரம் இன்னும் சுலபம். ஒரே சாவியோடு வண்டியை அனுப்புவதை நிறுத்த வேண்டும். ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவர் மதியம் எங்காவது கண்ணயர்ந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவரை நம்பி வந்த ஐம்பது பேர் வெயிலில் காய்வதும் நியாயமில்லை. இரண்டாவது சாவி கூட்டத்துப் பெரியவர் ஒருவரின் இடுப்பில் இருக்கட்டும்.

ஊருக்கும் ஒரு வேலை உண்டு. 2019 ஜூலை, ஆகஸ்டில் அத்திவரதர் தரிசனத்துக்கு ஜனக்கடல் திரண்டபோது வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தி, மினி பஸ் விட்டுச் சமாளித்த ஊர் இது. அந்த ஊரால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு நிழற்கூரை போட முடியாதா? இலவசமாகப் பேச ஒரு போன்? சாவி ரிப்பேர்காரர்களின் நம்பரோடு ஒரு போர்டு? பார்க்கிங் கட்டணம் வாங்கக் கை நீட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே செய்யட்டும்.